ஒரு பப்பில் அமிர்தம், அடுத்த பப்பில் வினிகர்: இங்கிலாந்தின் பாரம்பரிய ‘ஏல்’ பற்றி ஏன் இத்தனை சண்டை?

இங்கிலாந்தில் ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது பர்ட்டன் நகரம். அங்கே தயாராகும் ‘மார்ஸ்டன்ஸ் பெடிக்ரீ’ என்ற ஏல் 1952-ல் அறிமுகமானது. ஒரு காலத்தில் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் அதிகாரபூர்வ பீராகவும் இருந்தது. ஆனால், இதைப் பற்றிக் குடிப்பவர்களிடம் கேட்டால் நேரெதிரான பதில்கள்தான் வரும். “அசல் இங்கிலீஷ் பீர்னா இதுதான்” என்பார் ஒருவர். “ஜில்லுன்னும் இல்ல, கேஸும் இல்ல, போதாக்குறைக்கு முட்டை நாத்தம் வேற” என்பார் பக்கத்து ஸ்டூல்காரர்.

வேடிக்கை என்னவென்றால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எப்படி?

ஏல் என்றால் என்ன?

உலகம் முழுக்க அதிகம் விற்பது லாகர் வகை பீர். குளிர்ச்சியான சூழலில் மெதுவாகப் புளிக்க வைக்கப்படுவது அது. ஏல், அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான சூழலில் வேகமாகப் புளிப்பது. பழச்சுவை கலந்த மணம் அதனால் வருகிறது.

இதில் பாரம்பரிய வகைக்கு ‘காஸ்க் ஏல்’ என்று பெயர். இது வடிகட்டப்படுவதில்லை, கிருமிநீக்கத்துக்காகச் சூடாக்கப்படுவதும் இல்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து பப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பீப்பாய்க்குள் அது இரண்டாவது முறை புளிக்கும். மாவு அரைத்த பிறகும் பாத்திரத்துக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கிறதே, அதே கதைதான்.

குமிழிகளும் அந்தப் புளிப்பில் இருந்தே வருகின்றன. வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதில்லை. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்து, கைப்பம்ப்பால் இழுத்து ஊற்றுவார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த லாகருக்குப் பழகிய நாக்குக்கு இது ‘சூடாக, சப்பென்று’ தெரிவதில் ஆச்சரியமில்லை. ரசிகர்களின் வாதம் வேறு: “ஐஸ் மாதிரி குளிர்ந்தா ருசியே தெரியாது.”

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது?

பர்ட்டன் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அதிலுள்ள சல்பேட், ஹாப்ஸ் பூவின் கசப்பை எடுப்பாக்கிக் காட்டும். 19-ம் நூற்றாண்டில் இந்த ஊர் பீர் தலைநகரமானதற்கு இந்தத் தண்ணீரே முக்கியக் காரணம். பாஸ், ஆல்சாப் போன்ற பர்ட்டன் நிறுவனங்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக ஏல் அனுப்பின. பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான வணிகச் சின்னமே 1876-ல் பாஸ் பதிவு செய்த சிவப்பு முக்கோணம்தான்.

அதே நீரின் இன்னொரு விளைவு, கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் எழும் கந்தக நெடி. அப்போதுதான் உரசிய தீக்குச்சி மாதிரி இருக்கும். ‘பர்ட்டன் ஸ்னாட்ச்’ என்று இதற்குப் பெயரே உண்டு. ரசிகர்களுக்கு அது ஊரின் கையெழுத்து. முதல்முறை குடிப்பவருக்கு ‘கெட்டுப்போச்சோ’ என்ற சந்தேகம். ஊற்றிய சில நிமிடங்களில் நெடி அடங்கி, பிஸ்கட் போன்ற மால்ட் சுவை மேலே வரும். அதுவரை பொறுத்தவர் சொல்வதும், முதல் மடக்கிலேயே முகம் சுளித்தவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

பாதி வேலை பப்பில்தான்

காஸ்க் ஏல் ஆலையிலிருந்து கிளம்பும்போது முக்கால்வாசிதான் தயார். மீதியை முடிப்பது பப் நடத்துபவர். பீப்பாயை அசையாமல் கிடத்தி, அதிகப்படி கேஸ் வெளியேற மரமுளை செருகி, கலங்கல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். தெளிய வைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ‘ஐசிங்கிளாஸ்’ என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். சைவர்களும் வீகன்களும் இதைக் கேள்வி கேட்பதால், அது சேர்க்காமலும் சில ஆலைகள் இப்போது தயாரிக்கின்றன.

பீப்பாயைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு கிளாஸுக்கும் உள்ளே காற்று புகும். சுமார் மூன்று நாளைக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். ‘ஃபிர்கின்’ எனப்படும் வழக்கமான பீப்பாயில் 72 பைன்ட், அதாவது சுமார் 41 லிட்டர். நாளுக்கு 24 பைன்ட் விற்கும் பப்பில் அமிர்தம். எட்டே பைன்ட் விற்கும் பப்பில் வினிகர்!

ஊற்றும் விதத்திலும் தகராறு உண்டு. வட இங்கிலாந்தில் பம்ப்பின் நுனியில் ‘ஸ்பார்க்ளர்’ என்ற சின்ன சல்லடை மூடியை மாட்டி, கெட்டியான நுரை வரவைப்பார்கள். தெற்கே பல இடங்களில் அது கிடையாது. “நுரை இல்லாம என்ன பீர்?” என்பது வடக்கு. “இருந்த கொஞ்ச கேஸையும் கெடுத்துட்டீங்களே” என்பது தெற்கு.

மார்க் போடும் ‘குடிமகன்கள்’

1960-களில் பெரிய நிறுவனங்கள், கேஸ் ஏற்றிய கெக் பீர் பக்கம் போயின. கெடாது, மெனக்கெடவும் வேண்டாம். இதை எதிர்த்து 1971-ல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய இயக்கம்தான் ‘காம்ரா’. ‘ரியல் ஏல்’ என்ற பெயரைப் பரப்பியது இதுதான். இதன் உறுப்பினர்கள் பப்பில் குடித்த ஏலுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடலாம். பரிந்துரைக்கும் பப்களைத் தேர்வு செய்ய அது உதவுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. ‘எனக்குப் பிடித்ததா’ என்பதற்கு மார்க் இல்லை. ‘எந்த நிலையில் கிடைத்தது’ என்பதற்கே மார்க். அதாவது, மதிப்பிடப்படுவது பிராண்ட் அல்ல, அந்த பப்பின் நிலவறை.

2024-ல் என்ன நடந்தது?

பெடிக்ரீயின் பெருமைகளில் ஒன்று ‘பர்ட்டன் யூனியன்’. வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். அவற்றின் மேலே ஒரு தொட்டி. புளிக்கும்போது பொங்கும் நுரை வளைந்த குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏறும். ஈஸ்ட் அங்கே தங்க, பீர் மட்டும் பீப்பாய்க்குத் திரும்பும். அழகான ஏற்பாடு; செலவும் அதிகம். மரவேலைக் கைவினைஞர் இல்லாமல் பராமரிக்க முடியாது. பாஸ் நிறுவனம் 1980-களிலேயே இதைக் கைவிட்டது. “அந்தப் பழைய பாஸ் போச்சு” என்று புலம்பியவர்கள் ஏராளம்.

மார்ஸ்டன்ஸிலும் 2024-ல் யூனியன் ஓய்வுக்குப் போனது. காஸ்க் ஏல் விற்பனைச் சரிவையே நிறுவனம் காரணமாகச் சொன்னது. டெர்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை ஒரு செட்டைத் தன்னிடம் கொண்டுவந்து உயிர்ப்பித்தது. பெடிக்ரீ தொடர்கிறது, யூனியன் இல்லாமல். “ருசி தண்ணீர்லயும் ஈஸ்ட்லயும்தான் இருக்கு, பீப்பாயில இல்ல” என்பது ஒரு தரப்பு. “பாஸுக்கு நடந்தது இதுக்கும் நடக்கும்” என்பது மறுதரப்பு.

யார் காப்பாற்றுவது?

காஸ்க் ஏலின் உண்மையான சிக்கல் ஒரு சுழல். குடிப்பவர் குறைந்தால் பீப்பாய் மெதுவாகக் காலியாகும். மெதுவாகக் காலியானால் புளிக்கும். புளித்த கிளாஸைக் குடித்த புதியவர் திரும்ப வரமாட்டார். கூட்டம் இன்னும் குறையும். பழைமையைப் பாராட்டிப் பேசுவது மட்டும் இதை உடைக்காது. பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டும்.

அதனால்தான் விவரமறிந்த பப்கள் பம்ப்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. 36 பைன்ட் கொண்ட ‘பின்’ என்ற சின்னப் பீப்பாயை வாங்குகின்றன. வாங்கும் முன் ஒரு மடக்கு ருசி பார்க்கக் கேட்பதும், புளித்திருந்தால் கிளாஸைத் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்வதும் அங்கே சகஜம். ஒரு கிளாஸை வைத்து ஏலுக்கே தீர்ப்பு எழுதுவதற்கு முன், அந்தப் பீப்பாய் என்றைக்குத் திறந்தது என்று கேட்பது நல்லது.

*(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)*