எடைக்கல்லும் காற்றுத் துளையும்

அமெரிக்காவில் சொந்தக் காசைப் போட்டு வார இறுதிகளில் கார் பந்தயம் ஓட்டுகிறவர்களிடையே ஸ்பெக் மியாட்டா மிகப் பிரபலமான பிரிவு. மாஸ்டா தயாரித்த மியாட்டா என்ற இருவர் அமரும் சின்னக் கார். அதில் 1990 முதல் 2005 வரையிலான மாடல்கள் இங்கே மோதுகின்றன. எல்லாம் ஒரே கார்தானே, ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வரும்? 1990 மாடலில் 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். 1999 மாடலில் 1.8 லிட்டர், 140 குதிரைத்திறன்.

அதனால் பந்தயம் முடிந்ததும் காரை, ஓட்டியவரோடு சேர்த்தே, தராசில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு குறைந்தபட்ச எடை உண்டு: பழைய எஞ்சினுக்குக் குறைவு, புதியதற்குக் கூடுதல். எடை போதவில்லை என்றால் பக்கத்து இருக்கை இருந்த இடத்தில் ஈயக் கட்டிகளை போல்ட் போட்டு முடுக்கிக்கொள்ள வேண்டும். ஒல்லியானவருக்கு ஈயம் அதிகம். அதிலும் அவருக்கு ஒரு சின்ன லாபம் இருக்கிறது. ஈயம் தரையோடு தரையாகக் கிடக்கும்; குண்டானவரின் தொப்பையோ ஸ்டியரிங் உயரத்தில் இருக்கும். ஈர்ப்பு மையம் தாழ்ந்த வண்டிக்கு வளைவில் பிடிப்பு கூடும்.

திறனை எடையால் வகுத்து, எல்லோருக்கும் ஒரே விடை வரும்படி செய்துவிட்டால் போதாதா? பல சங்கங்கள் அப்படித்தான் பிரிவுகளை வகுக்கின்றன. ஆனால் 1,000 கிலோ, 100 குதிரைத்திறன் கொண்ட ஒரு காரையும், 1,500 கிலோ, 150 குதிரைத்திறன் கொண்ட இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் இரண்டும் ஒன்று. குறைந்த வேகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் சீறும். வேகம் ஏற ஏற எதிரி மாறிவிடுகிறது. எடை பின்னுக்குப் போய்க் காற்று முன்னுக்கு வருகிறது. காற்றைப் பிளக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். காற்றுக்கோ எடையைப் பற்றிக் கவலையே இல்லை. ஆகவே, உடல் வடிவம் ஒன்றாக இருந்தால், முதல் கார் மணிக்கு 200 கி.மீ.யில் திணறும்போது இரண்டாவது ஏறக்குறைய 229 வரை போகும்.

வளைவில் கதை தலைகீழ். பள்ளிப் பாடப்படி வளைவில் போகக்கூடிய உச்ச வேகத்துக்கும் எடைக்கும் தொடர்பில்லை. சமன்பாட்டில் நிறை அடிபட்டுப் போகும். ரப்பர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. டயர் மீது சுமையை இரட்டித்தால் பிடிப்பு கூடும், ஆனால் இரட்டிக்காது. எனவே கனமான கார் வளைவிலும் பிரேக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுக்கொண்டே இருக்கும்.

நேர்ப்பாதையில் ஜெயித்ததை வளைவில் இழந்து, இரு கார்களும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். சமன் செய்துவிட்டோம் என்று அதிகாரிகள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் தனியாக ஓடும்போது சமமான கார்கள் சேர்ந்து ஓடும்போது சமம் அல்ல. திறன் மிகுந்த கார் நேர்ப்பாதையில் சுலபமாக முந்திவிடும். அடுத்த வளைவில் அது மெதுவாகப் போகும். பின்னால் வரும் இலகுவான கார், வேகமாகத் திரும்ப முடிந்தும், வழியில்லாமல் அதன் வாலைப் பிடித்தபடி போக வேண்டியதுதான். வளைவு முடிந்ததும் முன்னது மறுபடி பறந்துவிடும். இலகுவான கார் தன் பலத்தைக் காட்ட இடமே கிடைக்காது. கடிகாரம் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த அநியாயம் தெரிவதில்லை.

இதற்கு மருந்து எஞ்சினின் மூச்சில் இருக்கிறது. புதிய மியாட்டாக்களின் காற்று வழியில் துளையிட்ட தகடு ஒன்றை வைக்கிறார்கள். மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்கு அந்தத் துளை தாராளம். வேகமாகச் சுழலும்போதுதான் மூச்சு முட்டும். எடை பிரேக்கையும் வளைவையும் தண்டிக்கிறது, துளை நேர்ப்பாதையைத் தண்டிக்கிறது. எதை எவ்வளவு என்பதில்தான் விதி எழுதுகிறவர்களின் சாமர்த்தியம். துளை மிகச் சிறியதானால் அதன் வழியே போகும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம் காற்றுகூடக் கூடுதலாக வராது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் கல்லூரி மாணவர்கள் பெட்ரோல் எஞ்சினில் 20 மி.மீ. துளையோடு மல்லுக்கட்டுவது இந்த எல்லையோடுதான்.

மலைப் பகுதிக்குப் போனால் கணக்கு மறுபடி கலையும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைகிறது. சாதாரண எஞ்சின் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். டர்போ எஞ்சின் குறையை அழுத்திச் சரிக்கட்டிக்கொள்ளும்.

இயற்பியல் போதாதென்று மனிதர்களும் இருக்கிறார்கள். 2014-இல் லகுனா செக்காவில் நடந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் தேசியப் போட்டியில், ஸ்பெக் மியாட்டா பிரிவில் முன்னணியில் வந்த பல கார்கள் சிலிண்டர் ஹெட்டில் விதிக்குப் புறம்பாக உலோகம் செதுக்கப்பட்டிருந்ததாகத் தகுதி இழந்தன. விரல் விட்டுத் தடவிப் பார்க்கிற அளவு வேலைதான்.

இங்கிலாந்தில் 1907-இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் தடத்தில் காரையே தொடாத வழி ஒன்று வழக்கத்தில் இருந்தது. மெதுவான காரை முதலில் அனுப்பி, வேகமானதைக் காக்க வைப்பார்கள். கணக்குச் சரியாக இருந்தால் எல்லோரும் ஒரே நொடியில் கோட்டைத் தொட வேண்டும். அங்கே நீண்ட காலம் அந்தக் கணக்கைப் போட்டவர் எபிள்வைட். பழைய கார் ஆர்வலர்களின் வின்டேஜ் சங்கம் இன்றும் இப்படிப் பந்தயம் நடத்துகிறது. எனக்கு இந்த முறைதான் பிடித்தது, ஓட்டை இருந்தாலும். பயிற்சியில் முழு வேகம் காட்டினால் காத்திருக்கும் நேரம் கூடும். அதனால் கெட்டிக்காரர் பந்தயக் கொடி விழும் வரை ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க மாட்டார்.