புதையல் தேடும் பொழுதுபோக்கும் நம் கடை வாசலும்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கே வீடு தேடி வந்து விடுகிறது. முன்பு போலீசாரிடமும் ராணுவத்திடமும் மட்டுமே பார்த்த பொருள். வெளிநாடுகளில் விடுமுறை நாளில் தூண்டில் போடுவது போல இதை எடுத்துக்கொண்டு வயல்வெளியில் நடக்கிறார்கள். ஆற்று மணலைத் தட்டில் அலசித் தங்கத் துகள் பார்ப்பதும் அங்கே ஒரு பொழுதுபோக்கு. அந்த ஆசை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வருவது இயல்புதான். வணிகர்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். எடுத்த பொருளை விற்க அவர்கள் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். கடை கட்ட வானம் தோண்டும்போது காசுப் பானை ஒன்று தட்டுப்பட்டால், அன்றிலிருந்து சட்டம் நம்மைத்தான் கேட்கும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். கீழே வட்டமாக இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப் புலம் பரவுகிறது. அது உலோகத்தில் பட்டால் அந்த உலோகத்திலும் சிறு மின்னோட்டம் பிறந்து திருப்பி அடிக்கிறது, கருவி கூவுகிறது. அவ்வளவுதான் ரகசியம். ஒற்றைக் காசு என்றால் ஒரு அடி ஆழத்துக்கு மேல் சாதாரணக் கருவிக்குத் தெரியாது. சோடா மூடிக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் சேர்த்துத்தான் கூவும். இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் ஒன்றுமில்லாமலே கூவுவதும் உண்டு. 1980இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கவர் என்ற இடத்தில் இந்தக் கருவி வைத்திருந்த ஒருவருக்கு ஏறத்தாழ 27 கிலோ தங்கக் கட்டி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது தங்கம் விளையும் பூமி.

தங்கம் மணலைவிட ஏழு மடங்குக்கு மேல் கனமானது. நம் வீட்டுப் பெண்கள் அரிசி களைந்து கல் நீக்குகிற அதே முறையில் தட்டை நீரில் சுழற்றினால் மணல் வழிந்து ஓடும், கறுப்பு மணலும் தங்கமும் அடியில் தங்கும். கேரளத்தில் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றிலும், நமது நீலகிரியில் கூடலூர், தேவாலா, பந்தலூர் பகுதிகளிலும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி அரித்தவர்கள். அதைக் கேள்விப்பட்டு 1880ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். சில ஆண்டுகளிலேயே அத்தனையும் படுத்துவிட்டன. பங்கு வாங்கியவர் கையில் காகிதம்தான் மிஞ்சியது. அந்தப் பழைய குழிகளுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி மண் சரிந்து உயிர் விட்டவர்களும் உண்டு. கோலார் சுரங்கமே செலவுக்குக் கட்டுப்படியாகாமல் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையில் மண் அரித்துத் தங்கம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் நகைக்கடை வீதிகளில் இருக்கிறார்கள். பட்டறையில் அரம் போடும்போது சிதறும் தூள், கை கழுவும் தண்ணீர், வாசல் குப்பை, சாக்கடை வண்டல் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பட்டறைக் குப்பையை மொத்தமாகப் பேசி விலைக்கு வாங்குவார்கள். அரித்த பிறகு பாதரசத்தில் பிடித்து, சூடு காட்டித் தங்கத்தைப் பிரிப்பார்கள். அந்தப் புகை நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பொழுதுபோக்குக்காக இதை வீட்டு அடுப்பில் செய்து பார்ப்பது மகா ஆபத்து.

வைகை மணல் தங்கத்துக்குப் பெயர் பெற்றதல்ல. காசுக்குப் பெயர் பெற்றது. மதுரையில் வெள்ளம் வடிந்த பின் ஆற்று மணலில் பாண்டியர் செப்புக் காசுகளும், சின்னஞ்சிறு ரோமானியச் செப்புக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. திருமங்கலத்தில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் ஜேம்ஸ் டிரேசி 1880களிலேயே பாண்டியர் காசுகளைச் சேர்த்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். கரூரில் அமராவதி ஆற்றில் கிடைத்த 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் சேர மன்னர் வரலாற்றுக்கே சான்றாயின. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்ற பெயருள்ள பாண்டியர் காசைப் படித்து வெளியிட்டது 1980களில். அந்தக் காசைப் பழைய செம்பு என்று யாராவது எடைக்குப் போட்டிருந்தால், பாத்திரத்தோடு பாத்திரமாக உருகிப் போயிருக்கும்.

நம் மேலூர் வட்டாரத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மாங்குளம் மலைக் குகையில் 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. வெள்ளறை நிகமத்தார் செய்த கொடையும் வருகிறது. நிகமம் என்றால் வணிகர் சங்கம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் சங்கத்தார்! அழகர்மலைக் கல்வெட்டில் உப்பு வணிகன், வெல்ல வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொன்கொல்லன் என்று வரிசையாக வருகிறார்கள். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏல முடிவு அறிவிக்கப்பட்டபோது மேலூரில் கடைகளை அடைத்துப் போராடியதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்ததும் நாம் அறிந்ததே. பெரிய இயந்திரம் வராமல் காத்த மலையடிவாரத்தைக் கடப்பாரையும் கையுமாக நம் பிள்ளைகளே கிளறினால் எப்படி? காசு எந்த மட்டத்தில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அறிஞர்கள் காலம் சொல்கிறார்கள். பிடுங்கி எடுத்து விட்டால் அது வெறும் செப்புத் துண்டு.

இனி சட்டம். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் மண்ணிலிருந்து எடுத்தவர், என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஜாமீன் கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் ஒரு நாளைக் குறித்து உரிமை கோருபவர்களை விசாரிப்பார். உரியவர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கும். மறைத்தால் பங்கும் போய் ஓராண்டு வரை சிறையும் உண்டு. உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கு ஆறு மாதம். வானம் தோண்டும் கொத்தனாரோடு ரகசியமாகப் பங்கு பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்வழியிலேயே பங்கு கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரியாமலிருப்பதுதான் வேடிக்கை.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை வியாபாரமாக விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

நமக்கு அதிக நஷ்டம் வருவது வேறு வழியில். வானம் தோண்டும்போது குண்டுமணி மாலை கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறோம் என்று கூலியாள் வேடத்தில் வருவார்கள். கண்ணெதிரே ஒரு மணியைக் கிள்ளிக் கொடுப்பார்கள். உரைகல்லில் உரைத்தால் சுத்தத் தங்கம். பணம் கைமாறும் நாளில் வந்து சேருவது பித்தளை. புதையல் என்று தெரிந்தே வாங்கப் போனவர் போலீசுக்கும் போக முடியாது. அதுதான் அவர்கள் முதலீடு. ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று ஆண்டு போட்ட கம்பெனிக் காசும் இதே ரகம்; கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்கள் கதை பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கிறது. படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

உண்மையாகவே மண்ணில் ஏதாவது கிடைத்தால், வேலையை அந்த இடத்தோடு நிறுத்த வேண்டும். புளி போட்டுத் துலக்கக் கூடாது, ஆசிட்டில் போடவே கூடாது. பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். எடுத்த இடத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்கி, எண்ணி எடை போட்டு, படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவோ நேராகவோ தாசில்தாரிடம் போக வேண்டும். கலெக்டர் பெயருக்கு மனு எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும் பொருளுக்கு எண்ணிக்கையும் எடையும் குறித்த ரசீது இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக்கூடாது.