பூட்டிய அறையின் ஹாஸ்யம்

சின்னத்திரையும் பெரிய திரையும் – 7

சென்ற வாரம், மேடை நாடகங்கள் சினிமா ரூபம் பெற்ற கதையைச் சொல்லிக்கொண்டு வந்து, கே. பாலசந்தரின் 'எதிர்நீச்ச'லில் நிறுத்தியிருந்தேன். தம்முடைய நாடகத்தை 1968-இல் தாமே படமாக்கிய அவர், பல குடித்தனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஒரு வீட்டையும், அதன் மாடிப்படிக்கு அடியில் முடங்கிக் கிடக்கும் மாது என்ற அநாதையையும் ஆதாரமாகக் கொண்ட அந்தக் கதையை, காமிரா எங்கே வேண்டுமானாலும் போகுமே என்ற காரணத்துக்காக ஊர் சுற்ற அழைத்துப் போய்விடாமல், அதன் ஜீவனை அந்த வீட்டிலேயே விட்டு வைத்தார். இந்த விவேகம் எவ்வளவு அபூர்வமானது என்பதை அறிய வேண்டுமானால், ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டனில் நடந்த ஒரு விசித்திர வியாபாரத்தைக் கவனிக்க வேண்டும்.

1946-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சினிமாக் கொட்டகைகளில் விற்ற டிக்கெட்டுகள் 160 கோடிக்கு மேல். 1970-இலோ 20 கோடிகூடத் தேறவில்லை. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டதன் பலன் இது. இந்த நிலையில் படமுதலாளிகள் செய்த காரியம் என்னவென்றால், தங்களைப் பட்டினி போட்ட சத்துருவின் அடுக்களையிலேயே போய்க் கையேந்தி நின்றதுதான். டிராகுலா படங்களால் பிரசித்தி பெற்றிருந்த ஹாமர் கம்பெனி, 'ஆன் தி பஸ்ஸஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரை 1971-இல் அதே நடிகர்களைக் கொண்டு படமாக்கியது. பஸ் ஓட்டுநரும் கண்டக்டரும் டிப்போ இன்ஸ்பெக்டரை ஏய்க்கும் அந்தச் சாமானியக் கதை, யாரும் எதிர்பாராத வண்ணம் பணத்தை வாரிக் கொட்டவே, அதன் பிறகு பெயர் பெற்ற தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்கு இழுத்து வரப்பட்டன.

இழுத்து வந்தவர்கள் அவற்றை என்ன செய்தார்கள்? பெரும்பாலும் விடுமுறைக்கு அனுப்பினார்கள்! 1973-இல் வந்த 'ஹாலிடே ஆன் தி பஸ்ஸஸ்' படத்தில் அந்த ஓட்டுநரும் கண்டக்டரும் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை முகாமுக்குப் போனார்கள். லண்டன் துணிக்கடைச் சிப்பந்திகளின் கதையான 'ஆர் யூ பீயிங் சர்வ்டு?' 1977-இல் படமானபோது, கடையையே மூடிவிட்டு அத்தனை பேரும் ஸ்பெயின் தேசத்துக்குப் பிரயாணமானார்கள். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' படத்தில் மகனுடைய தேனிலவுக்குத் தகப்பனும் கூடவே ஸ்பெயினுக்குப் புறப்பட்டுவிடுகிறான். அரை மணி நேரச் சரக்கை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், கதை அகப்படாதபோது கடற்கரையாவது அகப்படட்டும் என்று எண்ணினார்கள் போலும்.

இவற்றுள் 'ஸ்டெப்டோ'வின் கதிதான் என் மனத்தை மிகவும் வருத்துகிறது. நம்முடைய சிங்கப்பூர் புளோக்குகளில் ஹார்ன் ஒலித்துக்கொண்டு வாசல் வாசலாக வந்து பழைய பேப்பரும் பழுதான விசிறியும் வாங்கிப் போகிறாரே காராங்குனிக்காரர், அவருடைய லண்டன் சகோதரர்கள்தாம் இந்தத் தகப்பனும் மகனும். குதிரை வண்டி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் சேர்ப்பவர்கள். ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இரட்டையர் எழுதி 1962-இல் பி.பி.சி.யில் தொடங்கிய இத்தொடரில், கிழத் தகப்பனாக வந்த வில்ஃப்ரிட் பிராம்பெல், மகனாக வந்த ஹாரி கார்பெட்டைவிட 13 வயதே மூத்தவர் என்றால் நம்புவது கடினம். மகனுக்கு வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்ற தாகம். தகப்பனுக்கு அவனைப் போகவிடாமல் தடுக்கும் ஆயிரம் தந்திரம். 1972-இல் ஒளிபரப்பான ஒரு பாகத்தில், இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டு, வீட்டின் நடுவே பலகை அடித்து இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குக் காசு போட்டால் திரும்பும் சுழல்கதவு ஒன்றும் வைத்தாகிவிட்டது. இருப்பதோ ஒரே தொலைக்காட்சிப் பெட்டி, அதில் எதைப் பார்ப்பது என்பதில் பலகைக்கு இருபுறமும் நின்று ஒரு மகா யுத்தம். அந்தச் சுழல்கதவைப் பார்த்துச் சிரிக்கிறவன், சிரித்து முடிப்பதற்குள் தன் வீட்டு நடுக்கூடத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளாமல் இருக்க மாட்டான். இத்தகைய இருவரைக் கொண்டுபோய் ஸ்பெயினின் வெயிலில் நிறுத்தினால், வாசல் திறந்துவிட்டது, மகன் போய்விடலாம். அப்புறம் ஹாஸ்யத்துக்கு அங்கே என்ன வேலை?

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் காலத்துத் தொடர்களில் பெரும்பாலானவை, ஸ்டூடியோவில் கூடியிருந்த ரசிகர்களின் முன்னிலையில் பதிவானவை. நடிகர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பலை எழுந்து அடங்கும்வரை ஒரு பார்வையாலோ புருவத்தாலோ அந்த மௌனத்தைத் தாங்கிப் பிடித்து, பிறகு அடுத்த வாக்கியத்தை எடுத்துவிடுவார். சபா மேடையில் ஒய்.ஜி. மகேந்திரனையோ கிரேசி மோகனையோ கண்டவர்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை. படப்பிடிப்பில் சபையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதே மௌனம் திரையில் வெறும் பள்ளமாக விழுந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான சங்கதி ஒன்றைச் சொல்கிறேன். இதே 'ஸ்டெப்டோ'வை அமெரிக்கர்கள் 1972-இல் 'சான்ஃபோர்டு அண்ட் சன்' என்று தங்கள் தொலைக்காட்சிக்கு மாற்றிக்கொண்டபோது, தேசம், பேச்சுவழக்கு, சரீரத்தின் நிறம் முதலிய சகலத்தையும் மாற்றி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய சாமான் கிடங்கை மட்டும் மாற்றவில்லை. அது ஐந்து வருஷம் ஓடியது. 1977-இல் லண்டனில் பிறந்து, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கப்பட்ட 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்: சீக்கியரும் ஜப்பானியரும் இத்தாலியரும் ஆங்கிலம் கற்கும் மாலை வகுப்பு அது, அதில் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். 1993-இல் பங்கஜ் கபூர் ஆசிரியராக நடித்து 'ஜபான் சம்பால்கே' என்று அது ஹிந்திக்கு வந்தபோது, கற்பிக்கும் பாஷையே ஹிந்தியாகிவிட்டது. ஆனால் வகுப்பறை அப்படியே இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஆட்களை மாற்றி அறையைக் காத்தவர்கள் பிழைத்தார்கள். ஆட்களைக் காத்து அறையை மாற்றியவர்களே அவஸ்தைப்பட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிரிட்டிஷ் ஹாஸ்யத்துக்கு இந்த அடைபட்ட வாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு பகுதி ராணுவப் பாளையங்களிலிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. 'டாட்ஸ் ஆர்மி' என்ற தொடரை உருவாக்கிய ஜிம்மி பெர்ரி, சிறுவயதில் உள்நாட்டுக் காவற்படையில் இருந்தவர்; பிறகு பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்து, தேவலாலி முகாமில் சிப்பாய்களின் கலைக்குழுவில் கூத்தடித்தவர். பின்னாளில் ஹாஸ்ய நடிகர்களாகப் பெயர் பெற்ற கென்னத் வில்லியம்ஸ், ஸ்டான்லி பாக்ஸ்டர் போன்றோர், யுத்தம் முடிந்த கையோடு இந்தச் சிங்கப்பூரிலேயே ராணுவக் கலைக்குழுவில் இருந்தார்கள். செம்பவாங் கடற்படைத் தளமும் அதைச் சூழ்ந்த முகாம்களுமாக இத்தீவின் வடபுறம் நிரம்பிக் கிடந்த காலம் அது. அதே வடபுறத்தில், நான் இருக்கும் மார்சிலிங்கில் அடுக்குமாடிகள் எழும்பியது வெகுகாலத்துக்குப் பின்.

அடைபட்ட அறையை விட்டு வெளியே போயும் தோற்காத ஒரு படம் உண்டு. 'பாரிட்ஜ்' என்ற சிறைச்சாலைத் தொடர் 1979-இல் படமானபோது, அதை எழுதிய டிக் கிளெமெண்டும் இயன் லா ஃப்ரெனேயும் ஓர் அற்புதமான உபாயம் கண்டார்கள்: கால்பந்து ஆட்டத்தைச் சாக்காக வைத்து வேறொருவன் தப்பியோடும்போது, தப்ப விரும்பாத கைதிகள் இருவர் தற்செயலாகக் கூடவே வெளியே கடத்தப்பட்டுவிடுகிறார்கள், அகப்பட்டால் தண்டனை கூடிவிடுமே என்று பயந்து, யாரும் அறியாமல் மீண்டும் சிறைக்குள் நுழைவதற்கு அவர்கள் படும் பாடுதான் பிற்பகுதி. வெளியே போனால் ஹாஸ்யம் போய்விடும் என்ற ஆபத்தையே கதையாக்கிக்கொண்ட சாமர்த்தியத்தை என்னவென்று புகழ்வது!

படமுதலாளிகள் என்னைப் பார்த்து நகைக்கலாம். மிஸ்டர் பீன் 1997-இல் லாஸ் ஏஞ்சலீஸ் போய் உலகமெங்கும் கோடிகளைக் குவித்தார். 'தி இன்பிட்வீனர்ஸ்' விடலைப் பையன்கள் 2011-இல் கிரீட் தீவுக்குப் போய்ப் பிரிட்டனில் வசூல் மழை பொழிந்தார்கள். நம் பாலசந்தரே, மாடிப்படி மாதுவைத் தந்த அதே பாலசந்தர், 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்காக ரஜினியையும் கமலையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்தாரே! கல்லாப்பெட்டியின் நியாயம் வேறு. அதோடு நான் வாதாடுவதற்கில்லை.

சிங்கப்பூருக்கும் சொந்தமாக ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1997 முதல் பத்து ஆண்டுகள் ஓடிய 'புவா சூ காங்' தொடரில், மஞ்சள் பூட்ஸும் கன்னத்து மருவுமாக வரும் சீனக் கட்டடக் குத்தகைக்காரராக நடித்தவர் குர்மித் சிங். அந்த வீட்டின் கலகத்துக்கு மூலம் பணமன்று, பேச்சு: சிங்கிலீஷில் முழங்கும் அண்ணன், கட்டடக்கலை படித்த தம்பி, மைத்துனரின் உச்சரிப்பைக் கேட்டாலே முகம் சுளிக்கும் தம்பி மனைவி மார்கரெட். இந்தச் சச்சரவு எந்த அளவுக்கு ஊர்ப்பேச்சாயிற்றென்றால், 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங்கே, புவா சூ காங்கை ஆங்கில வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும்படி ஆயிற்று. தொடரிலும் அவர் வகுப்புக்குப் போனார். கற்பனைப் பாத்திரத்தைப் பிரதமர் பள்ளிக்கு அனுப்பிய வேறு தேசம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

2009-இல் அதே பாத்திரம் எல்லை கடந்து, 'புவா சூ காங் செண்டிரியான் பெர்ஹாட்' என்று மலேசியத் தொலைக்காட்சிக்குக் குடியேறியது. 2010-இல் திரைப்படமும் வந்தது. மார்சிலிங்கில் இருப்பவனுக்குக் கடற்பாலம் கூப்பிடு தூரம். வெள்ளிக்கிழமை மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போகும் பஸ்களில் நிற்க இடமிராது. எல்லை கடப்பது இங்கே அதிசயமேயன்று. ஆயினும், படத்தைப் பார்த்தபோது, பழைய வீட்டின் கூடத்தில் அண்ணனும் மார்கரெட்டும் ஒரே மேஜையில் சோறு உண்டபோது எழுந்த சிரிப்பில் கால்வாசிகூட எனக்கு எழவில்லை. பின் இருக்கையில் அமர்ந்திருந்த சிறுவர்கள் என்னவோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த வாரம்: இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்', 1976-இல் 'கோமாளிகள்' என்ற படமான கதை.