தரவரிசையும் திறமையும்

அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்து வீராங்கனைகளைத் தரவரிசைப்படுத்துவர். முன்னிடம் பெற்றோரைத் தம் அணியில் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் போட்டியிடும். 2020ஆம் ஆண்டு மாணவிகளின் பட்டியலொன்றில் பேஜ் பெக்கர்ஸ் முதலிடத்திலும் கேட்லின் கிளார்க் நான்காமிடத்திலும் இருந்தனர். நான்காமிடத்துக் கிளார்க்கே 2024இல், 3,951 புள்ளிகளுடன், முதல் பிரிவுப் பல்கலைக்கழக ஆட்டத்தில் ஆண், பெண் இருபாலரின் சாதனையையும் முறியடித்தார். அதற்காகப் பட்டியலைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பெக்கர்சின் அணியும் 2025இல் வெற்றிக் கிண்ணத்தை வென்றது.

பட்டியலில் ஏற, முதலில் தேர்வாளரின் கண்ணில் பட வேண்டும். சுவா போன்ற தோட்டப்புறத் திடலில் வலைப்பந்து ஆடும் மாணவியை அது எளிதில் எட்டாது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையும் தொடக்கத்தில் கைப்பந்துதான் ஆடினார். அவரது திறமையைக் கவனித்த பயிற்றுநர், கூடைப்பந்துக்கு மாற்றினார். 19 வயதில் அவர் இந்திய மகளிர் அணியின் தலைவியானார். 2021இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.