மூன்று நாளும் ஓராண்டு உழைப்பும்
(அட்லாண்டிக் கடலோரக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி)

ஆண்டு முழுவதும் கருத்தூன்றிப் பயின்று, வகுப்பில் முதன்மை பெற்று வந்த மாணவன் ஒருவன், இறுதித் தேர்வு நாளன்று காய்ச்சலில் விழுந்துவிட்டால் அவன் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? ஓராண்டு உழைப்பைக் கொண்டா, அந்த ஒரு நாளின் விடைத்தாளைக் கொண்டா? கல்விக்கூடங்களில் நெடுங்காலமாக எழுந்து வரும் இவ்வினா, விளையாட்டுக் களத்திலும் எழுந்ததுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றில் இவ்வினாவை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து நின்றது அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பின் போட்டி. அதன் வரலாற்றையும் அதில் பங்குபெற்ற அணிகளின் இயல்பையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கூட்டமைப்பு என்பது யாது?

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் உருவாக்கப்பட்ட விளையாட்டு. அந்நாட்டுக் கல்லூரிகள் தமக்குள் சில பல சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகின்றன. அக்குழுவையே அவர்கள் ‘கான்ஃபரன்ஸ்’ என்பர். நாம் அதனைக் கூட்டமைப்பு எனலாம். கூட்டமைப்பைச் சேர்ந்த அணிகள் குளிர்காலம் முழுவதும் ஒன்றோடொன்று லீக் முறையில் மோதும். இவை பருவ ஆட்டங்கள். அவற்றின் முடிவில் வரிசைப்படுத்தப்படும் அணிகள், மார்ச்சுத் திங்களில் ஓரிடத்தில் கூடி, தோற்ற அணி வெளியேறும் நாக்-அவுட் முறையில் ஆடும். இதுவே கூட்டமைப்புப் போட்டி. அதில் வெல்லும் அணி தேசியப் போட்டிக்குச் செல்லும்.

தென்னகக் கூட்டமைப்பு 1921ஆம் ஆண்டிலேயே இத்தகைய போட்டியை நடத்தத் தொடங்கிவிட்டது. உறுப்பினர் பெருகிப்போன அக்கூட்டமைப்பிலிருந்து 1953இல் ஏழு கல்லூரிகள் பிரிந்து வந்து அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பை நிறுவின. டியூக், வட கரோலினா, வட கரோலினா ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட், மேரிலாந்து, கிளெம்சன், தென் கரோலினா என்பன அவை. அவ்வாண்டின் இறுதியில் வர்ஜீனியாவும் இணைய, எண்ணிக்கை எட்டாயிற்று. எட்டு அணிகள், மூன்று நாள், ஏழு ஆட்டங்கள். முதலிடம் பெற்ற அணியும் மூன்று முறை வென்றாக வேண்டும். கடைசி அணியும் மூன்று முறை வென்றால் போதும். தேசியப் போட்டிக்கு ஒரு கூட்டமைப்பிலிருந்து ஓரணியே செல்லலாம் என்பது அந்நாளைய விதி. அந்த ஓரிடத்தைப் பருவ ஆட்டங்களில் முதலிடம் பெற்ற அணிக்குப் பெரும்பாலான கூட்டமைப்புகள் அளித்தன. கடலோரக் கூட்டமைப்போ மூன்று நாள் போட்டியில் வென்றவர்க்கே அளித்தது. சிக்கலின் வேர் இங்குதான் உள்ளது.

நான்கு அண்டை வீடுகள்

இக்கூட்டமைப்பின் உயிர்நாடியாக விளங்கியவை வட கரோலினா மாநிலத்து நான்கு கல்வி நிறுவனங்கள். டர்ஹம் நகரில் டியூக். சேப்பல் ஹில்லில் வட கரோலினா. தலைநகர் ராலேயில் வட கரோலினா ஸ்டேட். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று சிறிது நேரப் பயணத் தொலைவிலேயே அமைந்தவை. வேக் ஃபாரஸ்டும் ராலேக்கு அருகிலேயே இருந்து, 1956இல் வின்ஸ்டன்-சேலம் நகருக்குப் பெயர்ந்தது. புகையிலை விளைச்சலுக்கும் அதன் தொழிலுக்கும் பெயர்பெற்ற நிலமாதலின் இப்பகுதியைப் ‘புகையிலைச் சாலை’ என்று வழங்குவர். டியூக்கும் வேக் ஃபாரஸ்டும் தனியார் நிறுவனங்கள். மற்றை இரண்டும் அரசு நிறுவனங்கள். ஒரே தெருவில் வாழும் பங்காளிகளைப் போல் இவை நெருங்கியும் பிணங்கியும் வாழ்ந்தன. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓரணி, தம்பி மற்றோரணி என நிற்பது அங்கு வியப்பன்று. போட்டி நாளின் பகல் ஆட்டங்களைப் பள்ளி வகுப்பறைகளிலேயே தொலைக்காட்சிப் பெட்டி வைத்துக் காட்டும் வழக்கமும் அம்மாநிலத்தில் இருந்தது.

இந்த ஆர்வத்தை வளர்த்தவருள் முதல்வர் எவரெட் கேஸ். இந்தியானா மாநிலத்திலிருந்து 1946இல் ஸ்டேட் அணியின் பயிற்சியாளராக வந்தவர். வெற்றி பெற்ற அணியினர் ஏணியில் ஏறிக் கூடையின் வலையை அறுத்தெடுக்கும் வழக்கத்தைக் கல்லூரி ஆட்டங்களில் பரப்பியவர் இவரே என்பர். 1954 முதல் 1966 வரை கடலோரப் போட்டி இவருடைய அணியின் அரங்கான ரெனால்ட்ஸ் கலையரங்கில்தான் நடைபெற்றது. நோயின் காரணமாக 1964ஆம் ஆண்டு இறுதியில் பொறுப்பிலிருந்து விலகிய கேஸ், 1965ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தைப் பார்வையாளராக இருந்தே கண்டார். ஸ்டேட் அணி டியூக்கை வென்றது. அணியினர் தம் பழைய ஆசானைத் தோளில் தூக்கிச் சென்று வலையை அறுக்கச் செய்தனர். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்பெறும் விருது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நூலிழையில் தொங்கிய பெருமை

1957ஆம் ஆண்டில் ஃபிராங்க் மெக்வயர் பயிற்றுவித்த வட கரோலினா அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் போட்டிக்கு வந்தது. அரையிறுதியில் வேக் ஃபாரஸ்ட் அதனை மூச்சுத் திணற வைத்தது. 61-59 என்ற கணக்கில்தான் வட கரோலினா தப்பியது. அன்று இரண்டு புள்ளி மாறியிருந்தால், பின்னர் அவ்வணி வில்ட் சேம்பர்லினின் கன்சாஸ் அணியை மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பின் 54-53 என வென்று பெற்ற தேசிய வாகையும், 32 ஆட்டங்களில் 32 வெற்றி என்ற பெருமையும் இல்லாது போயிருக்கும்.

1957இல் தப்பிய மெக்வயர் 1970இல் தப்பவில்லை. அப்போது அவர் தென் கரோலினாவின் பயிற்சியாளர். அவருடைய அணி கூட்டமைப்பின் பருவ ஆட்டங்கள் பதினான்கையும் வென்றிருந்தது. ஆனால் சார்லட் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், அணியின் தலைசிறந்த வீரர் ஜான் ரோஷ் கணுக்காற் காயத்துடன் ஆட நேர்ந்தது. இரண்டு கூடுதல் நேரங்கள் சென்ற பின் ஸ்டேட் 42-39 என வென்றது. பதினான்கு வெற்றி ஒருபுறம், மூன்று புள்ளித் தோல்வி மறுபுறம். துலாக்கோல் தோல்வியின் பக்கமே சாய்ந்தது. அடுத்த ஆண்டு தென் கரோலினா போட்டியை வென்று, அவ்வாண்டிலேயே கூட்டமைப்பைவிட்டு வெளியேறிற்று.

விதியை மாற்றிய ஆட்டம்

1974 மார்ச்சு 9. கிரீன்ஸ்பரோ கலையரங்கம். ஸ்டேட் அணியும் மேரிலாந்து அணியும் இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றன. நாட்டின் தலைசிறந்த அணிகளுள் இரண்டு அவை. ஸ்டேட்டில் டேவிட் தாம்சனும், ஏழடிக்கு மேல் உயரமுடைய டாம் பர்ல்சனும். மேரிலாந்தில் லென் எல்மோர், டாம் மெக்மில்லன், ஜான் லூகாஸ் ஆகியோர். பர்ல்சன் 38 புள்ளிகள் குவித்தார். கூடுதல் நேரத்தில் ஸ்டேட் 103-100 என வென்றது. தோல்வியுற்ற மேரிலாந்தின் பயிற்சியாளர் லெஃப்டி டிரீசல், வென்றவர்களின் பேருந்தில் ஏறி அவர்களை வாழ்த்திச் சென்றார் என்பர். பகைமையும் பண்பும் ஒருங்கே நின்ற காட்சி அது.

ஸ்டேட் அணி தொடர்ந்து சென்று, ஏழாண்டுகள் இடைவிடாது வாகை சூடியிருந்த யு.சி.எல்.ஏ. அணியை அரையிறுதியில் வீழ்த்தித் தேசிய வாகை சூடியது. ஏறத்தாழ அதற்கு ஈடான மேரிலாந்தோ, 25 அணிகள் ஆடிய தேசியப் போட்டிக்குள் நுழையவே இயலாது வீட்டிலிருந்தது. இம்முரண்பாடு நாடறிந்த ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டு தேசியப் போட்டி 32 அணிகளாக விரிந்தது. ஒரு கூட்டமைப்பிலிருந்து இரண்டு அணிகள் செல்லலாம் என்ற விதியும் வந்தது. 1975இல் கடலோரப் போட்டியை வென்றது வட கரோலினா. பருவ ஆட்டங்களில் முதலிடம் பெற்றும் போட்டியில் தோற்ற மேரிலாந்தும் தேசியப் போட்டிக்கு அழைக்கப்பெற்றது. தன் கண்ணீரால் வந்த விதியின் பயனை அக்கல்லூரியே முதலில் நுகர்ந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. 1980இல் இரண்டு என்ற வரம்பும் நீங்கிற்று. 1985இல் 64 ஆகவும் 2011இல் 68 ஆகவும் தேசியப் போட்டி விரிந்தது.

ஆட்டத்தின் விதியை மாற்றியதிலும் இப்போட்டிக்குப் பங்குண்டு. 1982 இறுதி ஆட்டத்தில் வட கரோலினா, கூடையை நோக்கி எறியாமல் பந்தைத் தம்முள் கைமாற்றிக்கொண்டே காலத்தைக் கடத்தி வர்ஜீனியாவை 47-45 என வென்றது. கண்டோர் சலித்தனர். குறித்த நொடிகளுக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதியைக் கூட்டமைப்பு அடுத்த பருவத்திலேயே ஆய்ந்து பார்த்தது. 1985-86 பருவத்தில் 45 நொடி என்ற வரம்பு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

திறந்த கதவு

விதி மாறிய பின் மூன்று நாள் போட்டி பொருளிழந்து போயிற்றா எனின், இல்லை என்பதே விடை. முன்பு வல்லவனை வெளியே தள்ளிய கதவு, பின்னர் மெலியவனை உள்ளே விடும் கதவாயிற்று. 1983இல் ஜிம் வல்வானோ பயிற்றுவித்த ஸ்டேட் அணி, கூட்டமைப்புப் போட்டியை வென்ற வலிமையோடு சென்று தேசிய வாகையும் சூடியது.

இதனினும் வியப்பு 2024இல் நிகழ்ந்தது. கூட்டமைப்பு அதற்குள் 15 அணிகளாகப் பெருகியிருந்தது. அவற்றுள் பத்தாம் இடத்தில் இருந்த ஸ்டேட், பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோற்று, 17 வெற்றி 14 தோல்வி என்ற நிலையில் வாஷிங்டன் நகருக்கு வந்தது. முன்னணி நான்கு அணிகளுக்கு முதலிரு சுற்றுகளில் ஓய்வுண்டு. இதற்கோ ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்கள். லூயிவில், சிரக்யூஸ், டியூக் ஆகியவற்றை வென்றது. அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் தோற்கும் தறுவாயில், கடைசி நொடியில் மைக்கேல் ஓகானல் எறிந்த பந்து பலகையில் பட்டுக் கூடையுள் விழ, ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்தில் வெற்றி கிட்டிற்று. இறுதியில் வட கரோலினாவை 84-76 என வீழ்த்தியது. 1987க்குப் பின் அதற்குக் கிடைத்த முதற் பட்டம் அது. தேசியப் போட்டியிலும் அரையிறுதிவரை சென்றது. ஒரு நாள் தோற்றிருந்தால் அவ்வணியின் ஆண்டு அத்துடன் முடிந்திருக்கும்.

முடிவுரை

கூட்டமைப்பு இன்று தன் பெயரையும் மீறி வளர்ந்துவிட்டது. மேரிலாந்து 2014இல் பிரிந்தது. பசிபிக் கடலோரத்துக் கலிபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும், டெக்சாஸ் மாநிலத்து எஸ்.எம்.யு. என்பதும் 2024இல் இணைய, உறுப்பினர் 18 ஆயினர். 2025ஆம் ஆண்டுப் போட்டியில் அவருள் 15 அணிகளே இடம்பெற்றன. முன்பு கடைசி அணிக்கும் இருந்த வாய்ப்பு, கடைசி மூன்று அணிகளுக்கு அவ்வாண்டு இல்லாது போயிற்று. டியூக் அவ்வாண்டு தன் 23ஆவது பட்டத்தைப் பெற்றது. சிறிய கூட்டமைப்புகளிலோ, பருவமெல்லாம் வென்ற அணி ஒரு மாலைத் தோல்வியால் வீட்டிலிருக்கும் துயரம் இன்றும் நீங்கவில்லை. பருவ முதல்வனையே நெடுங்காலம் அனுப்பி வந்த ஐவி கூட்டமைப்பும் 2017இல் போட்டி முறைக்கு மாறிவிட்டது.

நீண்ட உழைப்புக்கு மதிப்பில்லாத தேர்வு கொடிது. தாழ்ந்தவன் எழுவதற்கு வழியில்லாத தேர்வும் அத்துணைக் கொடிதே. இரண்டுக்கும் இடமளிப்பதே நல்ல முறை என நாம் கருதுகிறோம். 1974இல் மேரிலாந்து இழந்ததும் 2024இல் ஸ்டேட் பெற்றதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். விளையாட்டுத் திடலுக்கு வெளியே தேர்வு விதிகளை வகுப்போரும் அப்பாடத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.