கிராமத்து நிலமும் சர்க்கார் இலாகாக்களும்

திட்டக்குடி தாலுகாவில் கால்வாய்ப் பாசன நஞ்சையும், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிக் கரிசலும் அருகருகே இருக்கக் காணலாம். எந்த நிலத்தை எதற்கு உபயோகிப்பது என்பதைப் பெரும்பாலும் அவரவர் தனித்தனியே தீர்மானித்து வருகின்றனர். ஒருவர் ஆழ்குழாய்க் கிணறு இறக்கினால் அண்டை நிலத்தாரும் இறக்குகிறார். விளைவு பொய்த்தாலோ, சங்கத்தில் பெற்ற பயிர்க்கடன் தவணை தவறுகிறது. தவணையில் செலுத்துவோருக்குச் சர்க்கார் அளிக்கும் வட்டிச் சலுகையும் கைநழுவுகிறது. ஆகையால் இது சங்க அங்கத்தினர் யாவரும் கூடி யோசிக்கத்தக்க விஷயமாகும்.

யோசனைக்கு வேண்டிய விவரங்கள் பல இலாகாக்களிடம் சிதறியிருக்கின்றன. சர்வே எண்களும் அடங்கலும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளன. கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விவசாய இலாகாவின் மண் ஆய்வு அமைப்பு, மண்ணின் ஆழம், சரிவு, வடிகால், அரிப்பு ஆகியவற்றை ஆராய்ந்து படம் வரைகிறது. இவ்வாய்வு முறையில் நிலங்கள் 8 வகுப்புகளாகப் பிரிக்கப்படும். முதல் 4 வகுப்புகள் உழவுக்குரியவை. மற்றவை மேய்ச்சலுக்கும் மரங்களுக்குமே தக்கவை. 4-ஆம் வகுப்புக்கு அப்பாற்பட்ட நிலத்தை உழுது கடன் வாங்குவது, ஓட்டைக் குதிரில் நெல் கொட்டுவதை ஒக்கும்.

நீரின் கணக்கைச் சர்க்கார் பிர்க்காவாரியாக எடுக்கிறது. ஆண்டில் ஊறும் நிலத்தடி நீரில் எடுக்கத்தக்க அளவையும் மிஞ்சி, அதாவது நூற்றுக்கு 100-க்கு மேல் எடுக்கப்படும் பிர்க்கா, அதிநுகர்வுப் பகுதியெனக் குறிக்கப்படுகிறது. தங்கள் பிர்க்கா எந்தப் பிரிவில் உள்ளதென்று அறியாமல் புதிய கிணற்றுக்குக் கடன் கேட்பது விவேகமன்று. மேற்பரப்பு நீரைப் பொறுத்தவரை, 1923-இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரி, தொழுதூர் அணைக்கட்டு வழியே வெள்ளாற்று நீரைப் பெற்று, சுமார் 24,000 ஏக்கருக்கு உதவுவதாகும். அவ்வாயக்கட்டுதாரர்கள் 2000-ஆம் வருஷத்துப் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் வாயிலாக நீர்வள இலாகாவோடு கலந்து, ஏரியின் இருப்பையொட்டி நெல்லா, புஞ்சைப் பயிரா என்று நிச்சயிக்கலாம்.

வண்டல் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவிக்கப்பட்ட ஏரி குளங்களிலிருந்து விவசாயிகள் அதனை இலவசமாக எடுக்கலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி வழங்குகிறார். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டரும், புஞ்சைக்கு 90 கன மீட்டரும் அளவு. மணற்பாங்கான நிலத்துக்கு இது மிக நன்று. ஏற்கெனவே களி மிகுந்த கரிசலில் மண் பரிசோதனையின்றிக் கொட்டுவது வண்டிக் கூலியை வீணாக்குவதாகும்.

இவ்விலாகாக்கள் யாவும் யோசனை சொல்லக்கூடுமேயன்றி, கிராமத்துக்காக முடிவு செய்யமாட்டா. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் கிராம சபையில்தான் ஆலோசிக்கப்படுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து, வருஷத்திற்கு 6 கூட்டங்கள். பண்ணைக்குட்டை, வரப்பு, தடுப்பணை முதலியவற்றை எந்தச் சர்வே எண்ணில் அமைப்பதென்று அங்கே கேட்கவேண்டும்.

எந்த இலாகாவிடமும் இல்லாத விவரம் ஒன்று நம் சங்கத்தில் உண்டு. எந்தெந்த நிலத்தின்மீது கொடுத்த பயிர்க்கடன் திரும்பத் திரும்பத் தவணை தவறியது என்பதைப் பேரேடு காட்டும். காரியதரிசி, அங்கத்தினர் பெயர்களை விலக்கி, அச்சர்வே எண்களை மட்டும் தொகுத்து, கூட்டத்துக்கு முன்பாகவே உதவி வேளாண்மை அலுவலரிடம் கொடுப்பாராயின், மண் படத்தோடு அவற்றை ஒத்துப் பார்க்க அவருக்கு அவகாசம் கிடைக்கும்.