மீனுக்கும் ஒரு வாரியம்

மின்வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் ‘வாரியம்’ என்ற சொல்லுக்கு வயது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல். நம் மாவட்டத்து வந்தவாசியை அடுத்துள்ள உத்திரமேரூரில், கோயில் சுவரில் வெட்டப்பட்ட சோழர் காலக் கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ என்ற சொல் காணப்படுகிறது. ஊர் ஏரியைக் காப்பதற்கு ஊராரே தம்முள் தேர்ந்துகொண்ட குழுவுக்கு அப்பெயர்.

கடல் கடந்து, அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையிலும் இன்று அத்தகைய வாரியங்கள் சில உள்ளன. அவை அழிந்துவரும் சால்மன் என்னும் மீனை மீட்பதற்காக ஏற்பட்டவை. அவற்றில் ஊர்த் தலைவர்களும் உழவர்களும் பழங்குடியினரும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். மீனுக்கு எதற்கு வாரியம்? அதில் ஊர்த் தலைவருக்கு என்ன வேலை? இவற்றை இங்கே காண்போம்.

பிறந்த வீட்டைத் தேடும் மீன்

சால்மன் மீன் மலையாற்றின் குளிர்ந்த நீரில், கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிலிருந்து பிறக்கிறது. சிறிது வளர்ந்ததும் ஆற்றோடு இறங்கிக் கடலை அடைகிறது. சில ஆண்டுகள் கடலில் வாழ்ந்தபின், தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்புகிறது. அந்த ஆற்று நீரின் மணத்தை அது மறப்பதில்லை என்று அறிவியலார் கூறுகின்றனர். நீரோட்டத்தை எதிர்த்து நூற்றுக்கணக்கான மைல்கள் ஏறி, பிறந்த இடத்தில் முட்டையிடுகிறது. பசிபிக் பெருங்கடல் சால்மன்களுள் பெரும்பாலானவை அத்துடன் உயிரை விட்டுவிடுகின்றன.

இத்தகைய மீன் நமக்கும் புதிதன்று. வங்காளத்தார் இலிஷ் என்று போற்றுவதும், நம் கரையோரத்தார் உல்லம் என்பதுமாகிய மீன் முன்பு கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதன் வரத்து குன்றிப்போயிற்று. அணை உழவர்க்கு வாழ்வளித்தது உண்மை. மீனுக்கு வழி அடைபட்டதும் உண்மை.

கொலம்பியா ஆற்றிலும் அதன் துணையாறாகிய ஸ்நேக் ஆற்றிலும் நடந்தது இதுவே. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் அணைகள் வரிசையாக எழுந்தன. சில அணைகளில் மீன்கள் படிப்படியாக ஏறிச் செல்ல ‘மீன் ஏணி’ கட்டினார்கள். கிராண்ட் கூலி போன்ற பேரணைகளில் அதுவும் இல்லை. கரை மரங்கள் வெட்டப்பட்டதால் நீர் சூடேறியது. கால்நடைகள் இறங்கிக் கரையைக் கலைத்ததால் முட்டையிடும் கற்களின்மீது மண் படிந்தது. 1992-ஆம் ஆண்டில் ஸ்நேக் ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள ரெட்பிஷ் ஏரிக்கு ஆற்றுவழியே திரும்பி வந்த சாக்கை இனச் சால்மன் ஒன்றே ஒன்று! ஒரு காலத்தில் ஏரி நீரே சிவக்கும்படி வந்த இனம் அது.

ஒரே மேசையைச் சுற்றி

மீன் குறைந்தபோது ஒருவரையொருவர் குறை கூறினர். மீனவர் அணையைக் குறை கூறினார். உழவர் மீனவரின் வலையைக் குறை கூறினார். பழங்குடியினரோ, 1850-களில் அரசு எழுதித் தந்த உடன்படிக்கையைக் காட்டி, மீன் பிடிக்கும் உரிமையைக் கேட்டனர். நிஸ்குவாலிப் பழங்குடியைச் சேர்ந்த பில்லி பிராங்க் என்பவர், தம் முன்னோர் மீன் பிடித்த ஆற்றில் வலை வீசியதற்காக 1945-இல் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 14. வாழ்நாளில் ஐம்பது முறைக்கு மேல் அவர் கைதானார். 1974-இல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடியினருக்கு உரியது என்று தீர்ப்பளித்தார்.

வென்றதோடு பில்லி பிராங்க் ஓய்ந்துவிடவில்லை. மீனே இல்லாத ஆற்றில் பாதிப் பங்கு கிடைத்து என்ன பயன்? முன்பு தம்மை எதிர்த்தவர்களோடும் அமர்ந்து பேசி, ஆற்றை மீட்கும் பணியில் 2014-இல் இறக்கும்வரை உழைத்தார்.

1998-இல் வாஷிங்டன் மாநிலம் சால்மன் மீட்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. மீட்புத் திட்டத்தைத் தலைநகரில் எழுதிக் கீழே அனுப்பாமல், அந்தந்த ஆற்றுப்படுகை மக்களே கூடி எழுதவேண்டும் என்பது அதன் நோக்கம். அவ்வழியில் கீழ்க் கொலம்பியா, ஸ்நேக் ஆறு முதலிய பகுதிகளில் வட்டார வாரியங்கள் தோன்றின. நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதியை அங்கே ‘கவுண்டி’ என்பர். அதன் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களும், பொதுமக்களும், பழங்குடிப் பிரதிநிதிகளும் இவ்வாரியங்களில் உறுப்பினர் ஆவர்.

ஆறு மாவட்ட எல்லையை அறியாது. நம் தென்பெண்ணையைப் பாருங்கள்: கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக நம் சாத்தனூர் அணைக்கு வந்து, பின்பு கடலூர்வரை செல்கிறது. 2024 டிசம்பரில் பெருமழையால் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது, கீழேயுள்ள ஊர்கள் வெள்ளத்தில் தவித்தன. மேலே செய்வது கீழே தெரியும். ஆகவேதான் ஆற்றுக்கான வாரியம் ஓர் ஊரோடு நிற்காமல் வட்டாரம் முழுவதற்குமாக அமைகிறது.

கரையில் மரம் நடுதல், கால்நடை இறங்காதபடி வேலியிடுதல், மீன் நுழைய முடியாத பழைய சிறுபாலங்களை மாற்றிக் கட்டுதல் ஆகியவற்றுள் எதை முதலில் செய்வது, பணத்தை எதற்குக் கேட்பது என்று வாரியம் முடிவு செய்கிறது. கரை நிலம் பெரும்பாலும் உழவருடையது. அவர் மனம் ஒப்பினாலன்றி அங்கே ஒரு கன்றும் நட இயலாது. வெளியூர் அதிகாரி கேட்டால் தயங்குபவர், தம் ஊர்த் தலைவர் திண்ணையில் அமர்ந்து விளக்கினால் கேட்பார். ஊர்த் தலைவரின் வேலை இதுவே.

சால்மன் முற்றும் மீண்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை; பல இனங்கள் இன்னும் அழிவின் விளிம்பிலேயே உள்ளன. நூறாண்டில் கெட்டது பத்தாண்டில் திருந்தாது அல்லவா?

குடவோலையும் விரித்த கையும்

இப்போது உத்திரமேரூருக்குத் திரும்புவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளின்படி, ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்வர். ஓலையைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைக்கக்கூடாது என்பதற்காக! ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக் காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடமே இல்லை.

எத்துணை நுட்பமான ஏற்பாடு! ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. நிலமும் வீடும் உடைய கற்ற ஆடவர்க்கே அங்கு இடம் இருந்தது. நீர் சுமந்த பெண்ணுக்கும், சேற்றில் நின்று உழைத்தவர்க்கும் அவ்வாரியத்தில் இடமில்லை.

நம் கையில் உள்ளது

ஆங்கிலேயர் காலத்தில் ஏரிகள் அதிகாரிகள் கைக்குப் போனபோது, ஊராரின் பொறுப்புணர்வும் மெல்ல மங்கியது. பிற்காலத்தில் அப்பொறுப்பு சிறிது சிறிதாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், பாசனத்தை நிர்வகிக்க உழவர்கள் தாமே சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. 2016-இல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென ஒதுக்கச் சட்டம் திருத்தப்பட்டது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வறண்டு கிடந்த நாகநதிப் பகுதியில், ஊரக வேலைத் திட்டத்தின் மூலம் பெண்கள் தடுப்பணை கட்டியும், நீர் நிலத்துள் இறங்கக் கிணறுகள் வெட்டியும் நீரை மீட்டனர். 2021 செப்டம்பரில் பிரதமரே தம் வானொலி உரையில் அதனைப் பாராட்டினார்.

மாணவியரே! உத்திரமேரூர்க் குடத்தில் நம் பாட்டிமார் பெயர் எழுதிய ஓலை ஒன்றுகூட இருந்ததில்லை. இன்றோ பதினெட்டு வயது நிரம்பி வாக்காளர் ஆனதும் நீங்கள் கிராம சபையில் எழுந்து பேசலாம். உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடவேண்டும் என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்துள்ளது. பெற்றோர்களே, அன்று உங்கள் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஏரியின் மீன் குத்தகைப் பணம் எவ்வளவு, அதில் தூர் வாரச் செலவிட்டது எவ்வளவு என்று கேளுங்கள்.

கணக்குக் கேட்கும் ஊரில் ஏரி கெடாது. ஏரி கெடாத ஊரில் மீனும் இருக்கும், மனிதரும் வாழ்வர்.